வேங்கைத்தொழுவில் தீ நூல் வெளியீடு

வேங்கைத்தொழுவுக்கு அறிவு வந்து இறங்கியபோது பஞ்சம்மாள் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தாள். அறிவு ஒரு மினி லாரியில் வந்தது. இரும்புச் சட்டமும் கண்ணாடிக் கதவும் போட்ட அலமாரி ஒன்று, அதற்குள் நெருக்கியடித்து நிற்கும் புத்தகங்கள், அலமாரியைவிட அகலமான ஒரு பேனர். பேனரில் பள்ளத்தாக்குப் பல்துறை அறிவுநூல் பேரவையின் தலைவர் நூல்செம்மல் வேல்பாண்டியனார் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

பேரவையின் தலைமையகம் தேனி அல்லிநகரத்தில் இருந்தது. மலையடிவார ஊர்களின் அறியாமையை ஒழிப்பது அதன் நோக்கம். எந்தெந்த ஊரில் அறியாமை இருக்கிறது என்பதைப் பேரவையே முடிவு செய்துகொள்ளும். ஊர்களைக் கேட்கும் வழக்கம் இல்லை.

அலமாரியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலிருந்த ஒற்றை அறை நூலகத்தில் இறக்கினார்கள். வருசநாட்டிலிருந்து மேற்கே பிரியும் மண்ரோடு முடிகிற இடத்தில்தான் அந்த ஊர். அதற்கு மேல் மலை. நூலகத்துக்குப் பொறுப்பாளர் ஞானதுரை, தினமும் தேனியிலிருந்து பஸ்ஸில் வருவார். பேரவை கொடுத்த வேலை. வருஷா வருஷம் புதுப்பிப்பார்கள். அதனால் அவருக்குப் பயமும் வருஷா வருஷம் புதிதாக இருக்கும்.

பஞ்சம்மாள் கடமலைக்குண்டில் பத்தாவது வரை படித்தவள். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு தலைப்புகளை வாசித்தாள். பனிப்பாறைகள் உருகுவதைப் பற்றி ஒன்று. ஒட்டகத்தின் வயிற்றைப் பற்றி ஒன்று. அணுவுக்குள் இருக்கும் இடைவெளி, ஆழ்கடல் மீன்களின் கண், ரயில் பாலம் கட்டுவது எப்படி. வேங்கைத்தொழுவிலிருந்து கடலும் தூரம், ரயிலும் தூரம். ஆனால் இரண்டாவது தட்டின் ஓரத்தில், சிவப்பு அட்டை போட்டு, 'மலைத்தீ: தடுப்பதும் தப்புவதும்' என்று ஒரு புத்தகம் நின்றது. பஞ்சம்மாள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

போன பங்குனியில் மலையிலிருந்து தீ இறங்கி அவர்களுடைய இலவந்தோப்பில் பாதியைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. இலவம் பஞ்சுக்கு நெருப்பைக் காட்ட வேண்டியதில்லை, நெருப்பு என்று சொன்னாலே போதும். அவள் புருஷன் ஒச்சாண்டி பச்சைக் கொப்பை ஒடித்து அடித்தான். தோப்பின் மற்றப் பாதி பிழைத்தது. அவன் வலது கை முழங்கைக்குக் கீழே சுருங்கிப்போனது. இப்போதும் சோற்றை இடது கையால்தான் அள்ளுகிறான்.

"சார், அந்தச் செவப்புப் பொஸ்தகத்தைக் குடுங்க. பாத்துட்டுத் தாரேன்."

"குடுக்கக் கூடாதுக்கா. இன்னும் வெளியிடலை" என்றார் ஞானதுரை.

"வெளியிலதான இருக்கு? கண்ணாடிக்குள்ள தெரியுதுல்ல?"

"தெரியலாம்க்கா. வாசிக்கக் கூடாது. ஊருக்கு ஊர் தலைவர் ஐயா நேர்ல வந்து ரிப்பன் வெட்டணும். வெட்டினாத்தான் அது பொஸ்தகம். அதுவரைக்கும் சரக்கு."

அலமாரியின் இரண்டு கைப்பிடியையும் சேர்த்து ஒரு பட்டு ரிப்பன் கட்டியிருந்தது. முடிச்சின் மேல் அரக்கு முத்திரை.

"எப்ப வருவாக?"

"தை கடைசியில வருவாகன்னு சொன்னாக. இப்ப மாசிங்கிறாக."

மாசி வந்தது, தலைவர் வரவில்லை. மலையில் புல் பழுத்து, பிறகு வெளுத்து, தொட்டால் நொறுங்கும் பதத்துக்கு வந்தது. இலவங்காய் முற்றி ஒன்றிரண்டு வெடித்துப் பஞ்சு பறக்கத் தொடங்கியது. எதிர்மலையில் எங்கேயோ பற்றிய தீ பகலில் சாம்பல் நிறப் புகையாகத் தெரிந்தது. ஞானதுரை தினமும் காலையில் அலமாரிக் கண்ணாடியைத் துடைத்து வைத்தார். பஞ்சம்மாள் தினமும் வந்து அதில் முகத்தை ஒட்டி அழுக்காக்கினாள்.

"சாவிகூடவா உங்ககிட்ட இல்லை?" என்று ஒருநாள் கேட்டாள்.

"சாவி எங்கிட்டத்தான்க்கா இருக்கு. தைரியந்தான் இல்லை" என்றார் ஞானதுரை. அதைச் சொல்லும்போது அவர் தரையைப் பார்த்தார்.

கடைசியில் பஞ்சம்மாள் பஸ் ஏறி அல்லிநகரத்துக்கே போனாள்.

பேரவை அலுவலகத்தின் முன்னறையில் புத்தகம் எதுவும் இல்லை. கேடயங்கள் இருந்தன. மடித்த பொன்னாடைகள் சுவரோரம் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. செயலாளர் அஜய்குமார் கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி கலையாத சட்டை போட்ட இளைஞர்.

"ஊர் எது?"

"வேங்கைத்தொழுங்கய்யா."

அவர் எதையோ தட்டிப் பார்த்தார். "உங்க ஊர் தீ அபாயப் பகுதி."

"ஆமாங்கய்யா. அதனாலதான் அந்தப் பொஸ்தகத்தைக் கேக்கேன்."

"அதனாலதாம்மா குடுக்க முடியாது. விழா நடக்கிறவரைக்கும் தீ அபாயப் பகுதியில நூலை அலமாரியைவிட்டு வெளியே எடுக்கக் கூடாது. நூல் எரிஞ்சுட்டா யார் பொறுப்பு?"

"தோப்பு எரிஞ்சா?"

"அது எங்க துறை இல்லை." அவர் குரலைத் தணித்துக்கொண்டு, ஆறுதலாகச் சொன்னார். "நீங்க நினைக்கிற மாதிரி நாங்க சும்மா இல்லம்மா. கம்பத்துக்குப் பக்கத்துல ஒரு ஊருக்குப் போன வருஷமே அந்த நூலைக் குடுத்தாச்சு. ஆத்தங்கரை ஊரு. சுத்தி நெல்வயல், கால்வாய்ல வருஷம் பூராத் தண்ணி. நூல் போன பிறகு அங்கே ஒரு தீ விபத்துகூட நடக்கலை. அவ்வளவு பயனுள்ள நூல்."

பஞ்சம்மாள் முந்தானையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அந்த நேரம் உள்ளறைக் கதவு திறந்து தலைவர் வேல்பாண்டியனார் வந்தார். அறையில் இருந்தது செயலாளரையும் சேர்த்து இரண்டே பேர். ஆனாலும் ஒரு ஆளைப் பார்த்ததும் அவருக்குப் பேச வந்துவிட்டது.

"பேரன்புமிக்க பெருமக்களே! தாய்மார்களே! நூல் என்பது ஒரு விளக்கு. விளக்கை யாராவது வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவார்களா? தூர நின்று கும்பிட வேண்டும். அடியேன் இந்த மாவட்டத்தில் எத்தனையோ நூல்களை வெளியிட்டிருக்கிறேன். தீயணைப்பு, அறிவியல், வானியல், வைத்தியம், எதையும் விட்டு வைத்ததில்லை. அவற்றில் ஒன்றைக்கூட நான் பிரித்துப் பார்த்ததில்லை. ஏன்? பிரித்தால் மடிப்பு விழும். மடிப்பு விழுந்த நூலை மக்கள் கையில் கொடுக்க என் மனம் ஒப்பாது!"

செயலாளர் கைதட்டினார்.

"ஐயா," பஞ்சம்மாள் கும்பிட்டாள், "புல்லு காஞ்சு கெடக்கு. எங்க வீட்டுக்காரவுக கை இன்னும் நீட்ட முடியலை. பொஸ்தகத்தைக்கூடக் குடுக்க வேணாம். அதுல என்ன போட்டிருக்குன்னு வாயால சொன்னாப் போதும். நான் கேட்டுட்டுப் போயிருதேன்."

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் மின்விசிறியைப் பார்த்தார்.

"அதை விழாவில் ஆய்வுரை ஆற்றுபவர் சொல்வார்" என்றார் தலைவர்.

"அவுக படிச்சிருக்காகளாய்யா?"

"படித்துவிட்டு வந்தால் ஆய்வுரை நீண்டுவிடும், தாயே."

பங்குனி உத்திரம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை விழா என்று அப்போதே நாள் குறித்துக் கொடுத்தார்கள். அது ஊருக்குச் செய்த பெரிய சலுகை என்றும் சொன்னார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் பஞ்சம்மாள் ஜன்னல் வழியாக மலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். காய்ந்த மலை முழுக்க வைக்கோல் நிறத்தில் இருந்தது.

"விழா வரைக்கும் தீ காத்துக்கிட்டு இருக்குமா?" என்று கேட்டான் ஒச்சாண்டி.

மறுநாள் இரண்டு பேரும் தோப்பில் தண்ணீர் பீப்பாய்களை நிறுத்திச் சாக்குகளை நனைத்துப் போட்டார்கள். சாயங்காலத்துக்குள் சாக்கு காய்ந்துவிடும். மறுபடி நனைப்பார்கள். வேறு என்ன செய்ய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அது தெரிந்த ஒன்று கண்ணாடிக்குள் நின்றுகொண்டிருந்தது.

தீ காத்திருக்கத்தான் செய்தது.

விழா மேடையை இலவந்தோப்புக்குக் கீழேயுள்ள தரிசில் போட்டார்கள். படத்தில் பின்னணியாக மலை விழ வேண்டும் என்று போட்டோக்காரர் கேட்டிருந்தார். அலமாரியைத் தூக்கிவந்து மேடை நடுவில் வைத்தார்கள். மலைக்குள் இருக்கும் குடிகளுக்கும் அறிவு எட்டட்டும் என்று ஒலிபெருக்கிக் குழாய்களை மலையைப் பார்த்துக் கட்டினார்கள். மண்ரோட்டின் வாயில் தலைவரின் முகம் போட்ட அலங்கார வளைவு. வளைவுக்கு உள்ளே, தலைவர் நடந்து வரும் வழியில் சரவெடி. சரம் வழியைவிட நீளம். மிச்சத்தைச் சரிவில் புல்லுக்குள் வளைத்து விட்டிருந்தார்கள்.

ஒச்சாண்டி ஓடினான். "ஐயா, இங்கன வெடி போடாதீக. மேல பூராப் புல்லு. உங்களைக் கும்பிடுதேன்."

"வெடி நிகழ்ச்சி நிரல்ல இருக்கு" என்றார் அஜய்குமார். அவர் குரலில் கோபம் இல்லை. நிகழ்ச்சி நிரலில் இருப்பதை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்ற வருத்தம்தான் இருந்தது.

தலைவர் காரைவிட்டு இறங்கினார். சரம் வெடித்துக்கொண்டே போய்ப் புல்லுக்குள் நுழைந்தது. வெடிச் சத்தம் நின்ற பிறகும் படபடவென்ற சத்தம் நிற்கவில்லை. புகை வெள்ளையாக எழுந்து, பழுப்பாகி, அதற்குள் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. காற்று கீழிருந்து மேலே அடித்தது.

"ஏலே, தீடா!" ஒச்சாண்டி கொப்பை ஒடித்துக்கொண்டு மேலே ஏறினான். அவன் பின்னால் ஊர் ஆண்கள் நாலைந்து பேர் ஏறினார்கள்.

மேடையில் குத்துவிளக்கு ஏற்றும் நிகழ்ச்சி தொடங்கியது. தலைவர் ஏற்றினார், காற்றில் அணைந்தது. செயலாளர் ஏற்றினார், அணைந்தது. ஊரில் அன்றைக்கு அணைந்த ஒரே நெருப்பு அதுதான். விளக்கு எரியாமல் வரவேற்புரை கூடாது என்பதால் எல்லோரும் கையால் காற்றை மறைத்துக்கொண்டு அதைச் சுற்றி நின்றார்கள். ஞானதுரை மேடைக்குப் பின்னால் போய்த் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் பண்ணினார். புறப்பட்டுவிட்டதாகச் சொன்னார்கள். ஆனால் தூரம் அதிகம்.

விளக்கு ஒருவழியாகப் பிடித்துக்கொண்டது. தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"அதோ பாருங்கள்! தீயணைப்பு நூல் வெளியாகும் நாளில் தீயே நேரில் வந்திருக்கிறது! இப்படி ஒரு வரவேற்பு எந்த நூலுக்காவது கிடைத்ததுண்டா? யாரும் எழுந்து போகாதீர்கள். தீ எங்கே போகப்போகிறது? நூல் வெளியாகட்டும். அதன்பின் தீயை முறைப்படி சந்திப்போம்!"

பஞ்சம்மாள் மேடையில் ஏறினாள். "ஐயா, அந்தப் பொஸ்தகத்தைக் குடுங்கய்யா. மேல எங்க ஆளுக நிக்கிறாக."

"வரிசைப்படி வரும் தாயே. முன்னிலையுரை முடியட்டும்."

அவள் ஞானதுரை பக்கம் திரும்பினாள். ஞானதுரையின் கை சட்டைப்பைக்குப் போனது, அங்கேயே நின்றது, பிறகு சாவியோடு வெளியே வந்தது. ரிப்பன் அறுந்த சத்தத்தைவிட அரக்கு உடைந்த சத்தம் பெரிதாகக் கேட்டது. கண்ணாடிக் கதவு திறந்தது. அவர் சிவப்பு அட்டைப் புத்தகத்தை உருவினார். முன்வரிசையில் யாரோ "அய்யய்யோ" என்றார்கள். தீயைப் பார்த்து அதுவரை யாரும் அப்படிக் கத்தவில்லை.

"ஞானதுரை!" தலைவர் அலறினார். "வெளியிடாத நூல்!"

அலறியதில் தலைவரின் கை மைக்கை விட்டிருந்தது. ஞானதுரை அதை எடுத்துக்கொண்டார். புத்தகத்தைத் திறந்து, பழக்கத்தினால் முதல் பக்கத்திலிருந்தே வாசித்தார். "வாழ்த்துரை. பள்ளத்தாக்கின் பகலவன், நூல்செம்மல், அறிவுக்கடல் வேல்பாண்டியனார் வழங்கும்..."

தலைவரின் வாய் அப்படியே நின்றது. தன் பெயர் மலையில் மோதித் திரும்பி வருவதைக் கேட்டு அவர் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். அதற்கப்புறம் அவர் ஆட்சேபிக்கவில்லை.

"தள்ளுங்க சார், தள்ளுங்க!" பஞ்சம்மாள் அவர் கையிலேயே பக்கங்களைப் புரட்டினாள். வாழ்த்துரை, அணிந்துரை, பாராட்டுரை, போட்டோ, போட்டோ. எப்படியோ புத்தகம் தொடங்கியது. 'மாசி பிறப்பதற்குள் செய்யவேண்டியவை' என்று ஒரு அத்தியாயம். தோப்பைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி, வெறும் மண் தெரிய அகலமாகப் பட்டை எடுப்பதற்குப் படம் போட்டு விளக்கியிருந்தது. பஞ்சம்மாள் அந்தப் படத்தைப் பார்த்தாள். ஒரு மண்வெட்டியும் இரண்டு பேரும் போதும். இத்தனை நாளும் அவர்கள் சாக்கை நனைத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த பக்கத்தைத் தள்ளினாள்.

சரிவில் தீ இரண்டாகக் கிளைத்திருந்தது. மற்ற ஆட்கள் ஓரமாக இறங்கிவிட்டார்கள். ஒச்சாண்டி மட்டும் தோப்புக்கு மேற்புறம், தீக்கு மேலே இருந்தான். வெள்ளை வேட்டி புகைக்குள் மறைந்து மறைந்து தெரிந்தது. உச்சிப் பாறையை எட்டிவிடலாம் என்று மேலே மேலே ஓடிக்கொண்டிருந்தான். தீயும் அவனுக்குப் பின்னால் ஏறிக்கொண்டிருந்தது.

"இதோ இருக்குக்கா!" ஞானதுரை வாசித்தார். "சரிவான நிலத்தில் தீயானது மேல்நோக்கி அதிவேகமாகப் பரவும் தன்மையுடையது. எனவே தீக்கு மேற்புறம் சிக்கிக்கொண்டவர் மேல்நோக்கி ஓடுதலைத் தவிர்த்து, பக்கவாட்டில் விலகி, ஏற்கெனவே எரிந்து முடிந்த நிலப்பரப்பினுள் நுழைதல் வேண்டும்."

ஒலிபெருக்கி அதைத் துல்லியமாக மலைக்குச் சொன்னது. ஒச்சாண்டி ஓடிக்கொண்டேதான் இருந்தான். அந்தத் தமிழ் அவனுக்கு மேடைப் பேச்சாகவே கேட்டிருக்கும்.

பஞ்சம்மாள் மைக்கைப் பிடுங்கினாள்.

"ஏங்க! இந்தா, மேல ஏறாதீக! ஏறாதீகன்னு சொல்லுதேன்ல! தீ உங்களை முந்திரும்! பீச்சாங்கைப் பக்கம் ஓடுங்க! அங்கன எரிஞ்சு கரியாக் கெடக்கு பாருங்க, அந்தக் கரிக்குள்ள போயி நில்லுங்க! சுடும், சுட்டாலும் நில்லுங்க!"

வெள்ளை வேட்டி நின்றது. மலையே அவனை அதட்டியதுபோல் ஒச்சாண்டி கீழே திரும்பிப் பார்த்தான். பிறகு இடது பக்கம் ஓடி, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, தணிந்துகிடந்த தீயின் ஓரத்தைத் தாண்டிக் கருகிய நிலத்துக்குள் குதித்தான். அவன் ஓடிக்கொண்டிருந்த இடத்தை, அவன் எட்ட நினைத்த பாறையை, ஒரு மூச்சுக்குள் தீ நக்கிக்கொண்டு மேலே போயிற்று. பஞ்சம்மாள் மைக்கோடு மேடையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுதது மலை முழுக்கக் கேட்டது.

தோப்பைக் காப்பாற்ற யாராலும் முடியவில்லை. இலவங்காய்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. பற்றிய பஞ்சு காற்றில் மிதந்துபோய் அடுத்த மரத்தில் உட்கார்ந்து, அதுவும் பற்றியது. தீயணைப்பு வண்டி வந்தபோது அலங்கார வளைவு அதைவிடத் தாழ்வாக இருந்தது. வீரர்கள் இறங்கிக் கயிற்றை அறுக்கப் போனார்கள். அஜய்குமார் முன்னால் ஓடி, "ஐயா முகத்துல அறுக்காதீங்க, ஓரமா அறுங்க!" என்று கெஞ்சினார். ஓரமாக அறுக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. வீரர்கள் பிறகு கால்நடையாகவே மேலே ஏறிச் சாயங்காலம் வரை அடித்து, ஊரை ஒட்டிய ஓடைக்கு அந்தப் பக்கமே தீயை நிறுத்தினார்கள். வீடுகள் தப்பின. ஒச்சாண்டியின் உள்ளங்கால் இரண்டும் வெந்துபோயிருந்தன. இரண்டு பேர் அவனைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள்.

"கரி ரொம்பச் சூடு" என்றான் அவன் பஞ்சம்மாளைப் பார்த்து.

தலைமையகம் விசாரணை வைத்தது. தீயைப் பற்றி அல்ல, ரிப்பனைப் பற்றி. காலில் கட்டோடு படுத்திருந்த ஒச்சாண்டியிடம் அஜய்குமார் வந்து கேட்டார்.

"பக்கவாட்டில் விலகும் யோசனை உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது?"

"எம் பொண்டாட்டி சொன்னா."

"அவங்களுக்கு?"

"பொஸ்தகம் சொல்லுச்சுங்கய்யா."

"அந்த நூல் அன்றைக்கு இந்த ஊரில் வெளியிடப்படவில்லை. வெளியிடப்படாத நூலுக்குள் கருத்து இருப்பதாகப் பேரவை ஒத்துக்கொள்ள முடியாது. அப்படியென்றால் நீங்கள் எப்படிப் பிழைத்தீர்கள்?"

"தெரியலைங்கய்யா. மன்னிச்சிருங்க" என்றான்.

அந்த மன்னிப்பைப் பேரவை ஏற்றுக்கொண்டது. ஞானதுரை கேட்ட மன்னிப்பை ஏற்கவில்லை. அவர் வேலை அந்த வருஷம் புதுப்பிக்கப்படவில்லை. சிவப்பு அட்டைப் புத்தகம் சாட்சிப் பொருளாக அல்லிநகரத்துக்குப் போய், பொன்னாடைகளுக்குப் பின்னால் எங்கேயோ பூட்டப்பட்டது.

வேலை போன பிறகு ஒருநாள் ஞானதுரை ஊருக்கு வந்தார். சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான் என்றார். பஞ்சம்மாள் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். அவர் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்குப் பொஸ்தகத்தைத் தேனிக்கு நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன். போற வழியில பஸ்லயே முழுசையும் வாசிச்சிட்டேன்க்கா. இத்தனை வருஷ வேலையில நான் வாசிச்ச ஒரே பொஸ்தகம் அதுதான்." தம்ளரைக் கீழே வைத்தார். "நல்ல பொஸ்தகம்க்கா. யாரோ ஒரு ஆள் மலையில அலைஞ்சு பாத்து எழுதியிருக்கார். மாசியிலயே நான் தொறந்திருக்கணும்."

பஞ்சம்மாளுக்கு அவர்மேல் கோபம் இருந்தது. ஆனாலும் "நெனவுல இருக்கிறதைச் சொல்லுங்க சார்" என்றாள். அவர் நினைவில் எல்லாமே இருந்தது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கட்டிலில் படுத்தபடியே ஒச்சாண்டி இரண்டு இடத்தில் சந்தேகம் கேட்டான்.

வைகாசியில் பேரவை திரும்பி வந்தது. முதல் விழாவில் ரிப்பன் முறைப்படி வெட்டப்படாததால் அறியாமை இன்னும் அங்கேயே இருப்பதாகக் கணக்கு. மேடையைக் கருகிய தோப்பிலேயே போட்டார்கள். "எவ்வளவு விசாலமான வெட்டவெளி!" என்று தலைவர் வியந்தார். மலையில் அடுத்த ஊரான பாறைத்தொழுவிலிருந்தும் ஆட்களை டிராக்டரில் கூட்டி வந்திருந்தார்கள். விழாவைப் பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டும் என்பதற்காக. நூலின் புதிய, விரிவாக்கப்பட்ட பதிப்பு வெளியாகிறது, முதல் பிரதியைப் பஞ்சம்மாள் பெற்றுக்கொள்வார் என்று மைக்கில் சொன்னார்கள்.

"போயி வாங்கு" என்றான் ஒச்சாண்டி. அவன் கம்பை ஊன்றி நின்றான். "அந்தப் பட்டை எடுக்கிற படத்தை நானும் ஒருதடவை பாக்கணும்."

அவள் போய் வாங்கினாள். போட்டோ எடுத்தார்கள். புத்தகம் முன்பைவிடக் கனமாக இருந்தது. அட்டையில் தலைவர் நின்றார், பின்னணியில் மலை எரிந்துகொண்டிருந்தது. போட்டோக்காரர் கேட்ட பின்னணி நன்றாகவே விழுந்திருந்தது. அவள் மேடையிலேயே பிரித்தாள். 'தீயின் நடுவே தலைவர்' என்று ஒரு கட்டுரை. வாழ்த்துரைகள். இரங்கலுரை ஒன்று, இலவ மரங்களுக்கு. மறுபடி வாழ்த்துரைகள். கடைசி அட்டை வரைக்கும் புரட்டிவிட்டு முதலிலிருந்து மறுபடி புரட்டினாள்.

"ஐயா, படம் போட்டிருந்துச்சே. தப்பிக்கிறதுக்கு எழுதியிருந்துச்சே. அந்தப் பக்கமெல்லாம் எங்கய்யா?"

அஜய்குமார் குனிந்து மெதுவாகச் சொன்னார். "பெரியவங்க நிறையப் பேர் வாழ்த்து அனுப்பிட்டாங்கம்மா. இடம் போதலை. நடுவுல கொஞ்சம் எடுக்க வேண்டியதாப் போச்சு."

"நடுவுல இருந்ததுதானய்யா பொஸ்தகம்?"

அவர் அவள் கையிலிருந்த பிரதியை நயமாக விடுவித்து வாங்கிக்கொண்டார். அடுத்த ஊர் விழாவுக்கும் முதல் பிரதி அதுதான்.

பஞ்சம்மாள் மேடையைவிட்டு இறங்கிப் பந்தலுக்குப் பின்னால் போனாள். எரிந்து நின்ற ஒரு இலவமரத்தடியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பாறைத்தொழுவிலிருந்து வந்த பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி அவளிடம் வந்தாள். இடுப்பில் பிள்ளை இருந்தது. தன் பெயர் முனீஸ்வரி என்றாள்.

"அக்கா, அன்னைக்கு மலையில கேட்ட சத்தம் உங்க சத்தந்தான? எங்க ஊரு வரைக்கும் கேட்டுச்சு." பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "எங்களுக்கும் மேல பூராப் புல்லுதான்க்கா. அலமாரி வந்துருச்சு. ஆனா விழா அடுத்த பங்குனியிலதானாம். அந்தப் பொஸ்தகத்துல என்னதான்க்கா இருந்துச்சு?"

பந்தலுக்குள் தலைவர் பேசத் தொடங்கியிருந்தார். நூல் என்பது ஒரு விளக்கு என்றார். குழாய்கள் அதிர்ந்தன.

பஞ்சம்மாள் பக்கத்தில் கிடந்த கரித்துண்டுகளைக் கையால் ஒதுக்கி இடம் பண்ணினாள்.

"இப்பிடி உக்காருத்தா" என்றாள். "சத்தமாத்தான் சொல்ல முடியும், நல்லாக் கேட்டுக்கோ. மொதல்ல உங்க ஊருல பங்குனிக் காத்து எங்கிட்டிருந்து அடிக்கும், அதைச் சொல்லு."